மச்சான் மூக்கில் நின்ற ரோஜா இதழ்

எனக்கு லினக்ஸ் பித்துப் பிடித்ததற்கு ஒரு கிழட்டு மடிக்கணினிதான் காரணம். அதைத் திறந்து வைத்துவிட்டு, உலை வைத்துச் சோறு வடித்துவிட்டு வந்தாலும் பாதிதான் விழித்திருக்கும். பழுது பார்க்கும் கடையில் கொடுத்தபோது, "இனிமே இத வச்சுக்கிட்டு மாரடிக்காதீங்க மேடம், புதுசு வாங்கிடுங்க" என்றார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அரியலூரில் நான் கணினிப் பாடம் எடுக்கும் கல்லூரியின் ஆய்வகத்தில் உட்கார்ந்து, அதில் இருந்ததையெல்லாம் வழித்தெறிந்துவிட்டு, லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தை ஏற்றினேன். கிழம் எழுந்து ஓடத் தொடங்கியது. அதோடு நான் அடங்கியிருக்கலாம்.

அடங்கவில்லை. ஆசிரியர் அறையில் யாருடைய கணினி முனகினாலும் "லினக்ஸ் போட்டுடலாமா?" என்று பக்கத்தில் போய் நின்றேன். நாளடைவில் தங்கள் கணினி மெதுவாக ஓடுவதை என்னிடமிருந்து மறைக்கப் பழகிக்கொண்டார்கள். பெரம்பலூர் பஸ்ஸில் நடத்துநர் மீதிச் சில்லறை தேடும் இடைவெளியில்கூட நான் லினக்ஸைப் பற்றிப் பேசிவிடுவேன் என்று என் கணவர் சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறார். அது பொய். அந்த நடத்துநர்தான் முதலில் என் பைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

இப்படிப்பட்ட நேரத்தில்தான் லப்பைக்குடிக்காட்டில் இருக்கும் என் அக்காவின் மகளுக்குக் கல்யாணம் கூடி வந்தது.

அக்காவின் கணவர், என் மச்சான், வளைகுடாவில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்க்கிறார். மகள் கல்யாணத்துக்கென்று முன்கூட்டியே விடுப்புச் சொல்லி வைத்திருந்தார். கடைசி நேரத்தில் கூட வேலை பார்த்தவர் உடம்புக்கு முடியாமல் படுத்துவிட, இவருடைய விடுப்பை நிறுத்திவிட்டார்கள். அதைச் சொல்ல அவர் கூப்பிட்டபோது அக்கா ஒரு வார்த்தை பேசாமல் போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவர் எத்தனை முறை கூப்பிட்டாலும், என்ன கேட்டாலும் "ம்" மட்டும்தான் பதில். பந்தலுக்குச் சொல்லியாச்சா? ம். மாப்பிள்ளை வீட்டில் பேசியாச்சா? ம். இரண்டு பேருக்கும் நடுவில் கல்யாண வேலை முழுக்க அந்த ஒற்றை எழுத்திலேயே நடந்தது.

கடைசியில் அவர் என்னைக் கூப்பிட்டார். "நிக்காஹ் முழுசும் பாக்கணும்னு இல்லம்மா. பொண்ணுகிட்ட சம்மதம் கேப்பாங்கள்ல, அப்ப எம் மவ முகம் மட்டும் எனக்குத் தெரிஞ்சா போதும். அத மட்டும் எப்புடியாச்சும் பண்ணிக் குடு" என்றார். அவர் என்னிடம் எதையும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லாதவர். பண்ணிடலாம் என்று உடனே ஒத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் நிக்காஹ் நடக்கும் ஆண்கள் கூடத்துக்குப் பெண் போவதில்லை. தகப்பனோ, தகப்பன் தன் இடத்தில் நியமித்த வக்கீலோ இரண்டு சாட்சிகளோடு பெண்கள் கூடத்துக்கு வந்து, இன்னாரைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்பார்கள். இந்த வக்கீலுக்குக் கறுப்புக் கோட்டெல்லாம் கிடையாது. வீட்டுப் பெரியவர் ஒருவர், அவ்வளவுதான். மச்சான் தன் அண்ணனை வக்கீலாக வைத்திருந்தார். பெண் தலையசைத்தால் போதும், வந்தவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். கண் இமைக்கிற நேரம்தான் என்றாலும் அது தகப்பனுடைய நேரம்.

போனை ஒரு கம்பியில் மாட்டி நிறுத்தினால் வேலை முடிந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். என் கணவர் கம்பியையே கொண்டுவந்து கொடுத்தார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் மச்சானை உள்ளங்கை அளவில் காட்டுவதா? பெரிய டி.வி. வேண்டும், அதில் என் மடிக்கணினியை இணைக்க வேண்டும், மச்சான் மணவறையில் உட்கார்ந்திருப்பது போல மண்டபத்துக்கே தெரிய வேண்டும் என்றேன். அதோடும் விடவில்லை. கணினித் திரை முழுக்க ரோஜா இதழ்கள் மேலிருந்து மெல்ல உதிர்வது போன்ற ஓர் அலங்காரம் இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் அதையும் ஏற்றி வைத்தேன். கிழட்டு மடிக்கணினிக்கு அது தாங்குமா என்று ஒரு மாணவி கேட்டிருந்தால், முதலில் சோதித்துப் பார்க்கும்படி அரைமணி நேரம் பாடம் எடுத்திருப்பேன்.

கல்யாணத்தன்று காலையிலிருந்தே மச்சானைப் பிடிக்கப் போராடினோம். அவர் இருக்கும் இடத்தில் முகம் பார்த்துப் பேசும் எல்லாச் செயலியும் ஓடாது. ஓடுவதும் திடீரென்று நின்றுவிடும். ஒருவழியாக அவர் முகம் டி.வி.யில் தெரிந்தபோது பெண்கள் கூடமே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆளாளுக்கு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஆதார் அட்டைக்குப் படம் எடுப்பது போல முகத்தை வைத்துக்கொண்டார்கள். மச்சான் வெள்ளைச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு, அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில் உட்கார்ந்திருந்தார். பின்னால் யாருடைய துண்டோ காய்ந்துகொண்டிருந்தது. "அத்தர்கூடப் பூசியிருக்கேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் பன்னீர்ச் செம்பை எடுத்து வைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

டி.வி.யில் வந்த அவர் குரல் என் மைக்கில் பட்டு எதிரொலித்து ஊளையிட்டது. நான் உத்தரவு போடத் தொடங்கினேன். "மச்சான், உங்க மைக்க மூடிடுங்க. நான் சொன்னாத்தான் தெறக்கணும். போன நிக்க வச்சுட்டு கையக் கட்டிக்கிட்டு உக்காருங்க. எதையும் தொடாதீங்க. இந்தச் செயலிய விட்டு வேற எதுக்குள்ளயும் போயிடாதீங்க, லைன் அறுந்துடும்." அவர் "சரிம்மா" என்று சொல்லி மைக்கை மூடினார். சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர் என்று எங்கள் குடும்பத்தில் அவருக்குப் பெயர். அந்தப் பெயர் எவ்வளவு சரி என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

ரோஜா இதழ்கள் உதிரத் தொடங்கின. மண்டபத்தில் "அட" என்று ஒரு சத்தம் எழுந்தது. நான் ஒன்றும் தெரியாதவள் போலத் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தப் பெருமை நீண்ட நேரம் நிலைக்கவில்லை. ஓர் இதழ் மச்சானின் மூக்கு நுனிக்கு வந்தது. அங்கேயே நின்றது. மச்சானும் நின்றார். கண் பாதி மூடி, வாய் பாதி திறந்து, தும்மப் போகிறவர் கடைசி நொடியில் மனம் மாறியது போல இருந்தது அந்த முகம்.

சுட்டியை அசைத்தேன். அம்புக்குறி மட்டும் நகர்ந்தது. மச்சானின் நெற்றி, கன்னம், தொப்பி என்று ஈ போல அலைந்தது. எதைத் தொட்டாலும் ஒன்றும் நடக்கவில்லை. வகுப்பில் நான் சொல்லிக்கொடுக்கும் முதல் சோதனையைச் செய்தேன். பெரிய எழுத்துக்கான விசையை அழுத்தினால் அதன் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பார்க்க வேண்டும். எரிந்தது, அணைந்தது. "பயப்படாதீங்க, உள்ள உசுரு இருக்கு. மேல இருக்குற படம் மட்டுந்தான் ஒறஞ்சு போச்சு" என்று கூட்டத்துக்கு அறிவித்தேன்.

என் பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, முன் வரிசையில் இருந்தார். காதும் கூர்மை, வாயும் கூர்மை. "உசுரு இருந்து என்ன, மூஞ்சி அசைய மாட்டேங்குதே" என்றார்.

உறைந்துவிட்டது என்று தெரிந்ததும் கூடம் தளர்ந்தது. முக்காடுகள் இறங்கின. முறுக்குத் தட்டு ஒன்று எங்கிருந்தோ வந்து கை மாறியது. மாப்பிள்ளையின் அக்கா போட்டிருந்த பச்சைப் பட்டு எடுப்பா, அடிக்கிற நிறமா என்று மச்சானின் முகத்துக்கு எதிரிலேயே வாதம் நடந்தது. யாரோ ஒருத்தி மச்சானுக்குப் போன் போட்டாள். அவர் கட் பண்ணினார். இன்னொருத்தி போட்டாள். அதையும் கட் பண்ணினார். கடைசியில் மணப்பெண்ணே தன் போனிலிருந்து கூப்பிட்டாள். அதுவும் கட்.

"கோவிச்சுக்கிட்டாரு" என்றார் பெரியம்மா. "பின்ன கோவம் வராதா? கட்டுன பொண்டாட்டி மொகம் குடுத்துப் பேசல, மவ கல்யாணத்தையும் பாக்க விடல. அவரும் மனுஷந்தானே."

 அக்காவின் முகம் விழுந்துவிட்டதை நான் பார்த்தேன்.  மச்சான் கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் என் ரோஜா இதழ் தின்றுவிட்டது.

கண்ட்ரோல், ஆல்ட், எஃப் மூன்று என்று சேர்த்து அழுத்தினேன். படம் உறைந்துபோனால் பின்வாசல் வழியாக உள்ளே நுழைவது போன்ற வழி இது. டி.வி. சட்டென்று இருண்டது. மூலையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி மட்டும் துடித்தது. கூட்டத்தில் யாரோ "அல்லாஹ், மவுத்தாயிடுச்சா?" என்று சாவுச் சேதி கேட்டது போலப் பதறினார்கள். "இதாங்க அதோட உண்மையான முகம்" என்று நான் விளக்கினேன். யாருக்கும் ஆறுதலாகத் தெரியவில்லை.

பெயரை அடித்துவிட்டுக் கடவுச்சொல்லை அடித்தேன். பாதுகாப்புக்காக, அதை அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது. "எழுத்தே விழலயே, நல்லா அழுத்தி அடி" என்றார் பெரியம்மா. பதற்றத்தில் தப்பாக அடித்தேன். மறுபடியும் தப்பு. டி.வி.யில் என் தோல்வி ஆள் உயரத்துக்குத் தெரிந்தது. ஒருவழியாக உள்ளே போய், உறைந்த பகுதியை மட்டும் நிறுத்தப் பார்த்தேன். மெதுவாகச் சொன்னேன், கேட்கவில்லை. கட்டாயப்படுத்தினேன், அதற்கும் அசையவில்லை. மிச்சம் இருந்தது ஒரே வழி. மேலே ஓடும் எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக மூடித் திறக்கும் கட்டளை. அதற்கு மச்சானின் இணைப்பையும் பலி கொடுக்க வேண்டும். எப்படியும் அது போய்விட்டது என்றுதான் நினைத்தேன். கட்டளையை அடித்துவிட்டு என்டர் விசை மேல் விரலை வைத்தேன்.

"இரு" என்றாள் அக்கா. "சரியா வர்றப்ப வரட்டும். இப்ப அவர் முகத்தையாச்சும் திருப்பிக் கொண்டாந்து வையி. சாட்சிங்க வர்ற நேரம். இந்தக் கறுப்பு முன்னாடியா எம் மவ சம்மதம் சொல்லணும்?"

கட்டளையை அப்படியே விட்டுவிட்டு உறைந்த படத்துக்குத் திரும்பினேன். மூக்கில் இதழோடு மச்சான் மறுபடி வந்தார்.

அக்கா டி.வி.க்கு எதிரில் போய் நின்றாள். கீழே முக்காலியில் என் மடிக்கணினி இருந்தது. அவள் மெல்லத்தான் பேசினாள், நான் பக்கத்தில் இருந்ததால் கேட்டது.

"உங்க மேல கோவம் இல்லீங்க. வாயத் தெறந்தா அழுதுடுவேன்னுதான் 'ம்'னு சொன்னேன். நான் அழுதா நீங்க அங்க எப்புடி வேலைக்குப் போவீங்க? நான் மட்டுமா இங்க தனியா நிக்கிறேன், நீங்களுந்தான் அங்க தனியா உக்காந்திருக்கீங்க. எனக்குத் தெரியாதா? அந்தச் சட்ட போன தடவ நான் எடுத்தது. நல்லாருக்கு. இத்தன நாள்ல சாப்புட்டீங்களான்னுகூட நான் ஒரு வார்த்த கேக்கல."

கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட கூச்சத்தில் நான் கண்ணைத் தாழ்த்தினேன். தாழ்த்திய கண்ணில் மடிக்கணினியின் நெற்றி பட்டது. கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் பொட்டு விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

 உறைந்தது நமக்குத் தெரியும் படம் மட்டும்தான் என்று கூட்டத்துக்கு அறிவித்தவள் நான். அதன் அர்த்தத்தை நானே யோசிக்கவில்லை. கேமரா ஓடுகிறது. மைக் ஓடுகிறது. இணைப்பு அறுந்திருந்தால் அந்த விளக்கு எப்போதோ அணைந்திருக்கும். மச்சான் ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருக்கிறார். போனை எடுத்தால் லைன் அறுந்துவிடும் என்றுதான் ஒவ்வோர் அழைப்பையும் கட் பண்ணியிருக்கிறார். மைக்கைத் திறக்காதீர்கள், எதையும் தொடாதீர்கள் என்று நான் போட்ட உத்தரவுக்குக் கட்டுப்பட்டு, பச்சைப் பட்டு விவகாரம் முழுவதையும் கைகட்டிக் கேட்டிருக்கிறார். நான் மட்டும் அந்த என்டரை அழுத்தியிருந்தால் அவரை என் கையாலேயே வெளியே தள்ளியிருப்பேன்.

அக்காவிடம் சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் அவள் பேச்சை நிறுத்திவிடுவாள் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன். தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் நான் இருந்தது அநேகமாக அதுதான் முதல் தடவை. கல்லூரியில் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

"வக்கீல் வர்றாங்க, முக்காட்டப் போடுங்க" என்று வாசலில் குரல் கேட்டது. மச்சானின் அண்ணனும் சாட்சிகளும் உள்ளே வந்தார்கள். மணப்பெண்ணைச் சுற்றிப் பெண்கள் நெருக்கியடித்து நின்றதில் முக்காலியில் இருந்த கேமராவுக்கு முதுகுகள்தான் தெரிந்திருக்கும். யோசிக்க நேரமில்லை. மடிக்கணினியை இரண்டு கையாலும் தூக்கினேன். வயர் எட்டுகிற வரை இழுத்துக்கொண்டு, கூட்டத்தை முழங்கையால் விலக்கிப் போய், சீர்த்தட்டு ஏந்துவது போலப் பெண்ணின் முகத்துக்கு எதிரில் அதை ஏந்திக்கொண்டு நின்றேன்.

மச்சானின் அண்ணன் என்னையும் உறைந்த திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "செத்த மெஷின எதுக்கும்மா தூக்கிக்கிட்டு நிக்கிற?" என்றார். "சும்மா இருக்கட்டுங்க" என்றேன். இவளுக்கு முற்றிவிட்டது என்று பெரியம்மா பின்னால் யாரிடமோ சொன்னார்.

அவர் கேட்டார். மாப்பிள்ளையின் பெயரும் அவருடைய தகப்பனார் பெயரும் சொல்லிச் சம்மதமா என்று கேட்டார். பூச்சரத்துக்குள்ளிருந்து மணப்பெண் நிமிர்ந்து, என் கையில் இருந்த தன் அத்தாவின் முகத்தைப் பார்த்தாள். மூக்கில் இதழோடு இருந்த முகம். உதடு துடித்தது. "சம்மதம்" என்று சொல்லித் தலையசைத்தாள். எனக்குக் கண் மறைத்தது. கேமரா ஆடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அவர்கள் போனதும் ஆண்கள் கூடத்திலிருந்து ஒலிபெருக்கியில் நிக்காஹ் ஓதுவது கேட்டது. மாப்பிள்ளை ஏற்றுக்கொண்ட குரல் கேட்டது. துஆப் பிரார்த்தனை முடிந்து பேரீச்சம்பழமும் சர்க்கரையும் வந்தன. அக்கா மகளைக் கட்டிக்கொண்டு, இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்பது போல அழுதாள். நான் மடிக்கணினியை முக்காலியில் வைத்துவிட்டு அதன் நெற்றிப் பொட்டைப் பார்த்துச் சொன்னேன். "மச்சான், இப்ப மைக்கத் தெறங்க."

மாப்பிள்ளை வீட்டார் உட்பட எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அந்த நேரத்தில், உதடு அசையாத அந்த முகத்திலிருந்து மச்சானின் குரல் வந்தது.

"மாஷா அல்லாஹ். எல்லாம் நல்லா தெரிஞ்சுதும்மா. எம் மவ தலையாட்டுனது ரொம்பக் கிட்டத் தெரிஞ்சுது."

கூடம் முழுக்க முக்காடுகள் ஒரே நேரத்தில் ஏறின. பச்சைப் பட்டைப் பற்றிப் பேசியவர்கள் முறுக்குத் தட்டோடு தூணுக்குப் பின்னால் போனார்கள். பெரியம்மா மட்டும் தைரியமாக, "அப்ப மொதல்லேந்து எல்லாம் கேட்டுச்சா மாப்ள?" என்றார்.

"கேட்டுச்சுங்க. கையக்கூட ஆட்டிப் பாத்தேன். யாரும் பாக்கல. பேசக் கூடாதுன்னு இந்தப் புள்ள சொல்லியிருந்துச்சு, அதான் பேசல."

அக்கா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். அவருக்குக் கேட்கிறது என்று உனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்கிற பார்வை. நான் அவசரமாக விசைப்பலகைக்கு ஓடினேன். பின்வாசலில் அடித்து வைத்த கட்டளை அப்படியே காத்திருந்தது. "மச்சான், இப்ப ஒரு நிமிஷம் லைன் போவும். எல்லாத்தையும் மூடித் தெறந்து சரி பண்ணிடுறேன். அப்பறம் உங்க முகம் நல்லா அசையும்" என்றேன்.

"வேணாம்மா" என்றார் அவர். குரல் கொஞ்சம் கரகரத்தது. "இப்புடியே கெடக்கட்டும். நீ சரி பண்ணிட்டா உங்க அக்கா மறுபடியும் 'ம்'னுதான் சொல்லுவா."

யாரும் சிரிக்கவில்லை. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டி.வி.க்கு எதிரில் வந்து நின்றாள். இதழ் ஒட்டிய அந்த மூக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சாப்புட்டீங்களா?" என்றாள்.

நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.